நீலகிரியில் இருந்துகொண்டே டைட்டானியம் வடிவமைப்புப் போட்டிக்குப் போவது எப்படி?

டைட்டானியத்துக்குப் புதிதாக ஒரு பயன்பாட்டை யோசித்து வடிவமைத்துக் காட்டுங்கள் என்று மாணவர்களை அழைக்கும் போட்டிகள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அவ்வப்போது வருகின்றன. உலோகத் தொழில் அமைப்புகளும் பொருளறிவியல் சங்கங்களும் நடத்துபவை இவை. பெருநகரத்தில் படிப்பவர்களுக்கு ஆய்வகமும் பட்டறையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். குன்னூரில் இருந்து விண்ணப்பித்த எங்கள் குழுவுக்கு அப்படி இல்லை. உலோகம் வாங்க, வெட்ட, சோதிக்க, பெரிய தாளில் அச்சடிக்க என்று எல்லாவற்றுக்கும் மேட்டுப்பாளையம் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. எதை முதலில் செய்ய வேண்டும், எந்தத் தாள் இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும், பணம் எங்கே கரையும் என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் மாணவர்களை மனதில் வைத்து எழுதியது இது. கொடைக்கானலில் இருப்பவர்கள் கோவை என்று வரும் இடங்களில் மதுரை என்று வைத்துப் படித்தால் பெரும்பாலும் பொருந்தும்.

1. விதிமுறைத் தாளை அச்சடித்துக் கையில் வைத்துப் படியுங்கள்

கைபேசித் திரையில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். அச்சடித்து, பேனாவால் கோடிட்டுப் படியுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இவை.

யார் மாணவர்? விண்ணப்பிக்கும் நாளில் படித்துக்கொண்டிருந்தால் போதும் என்று சில போட்டிகள் சொல்லும். பரிசு அறிவிக்கும் நாளிலும் மாணவராக இருக்க வேண்டும் என்று சில கேட்கும். இறுதியாண்டு மாணவர்கள் இந்த வரியில்தான் மாட்டிக்கொள்வார்கள். பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களை ஏற்கிறார்களா என்பதையும் பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

என்ன கொடுக்க வேண்டும்? வரைபடமும் விளக்கமும் மட்டும் போதுமா, செய்து முடித்த மாதிரி வேண்டுமா? இந்த ஒரு விடையைப் பொறுத்து உங்கள் செலவு சில நூறு ரூபாயாகவோ பல ஆயிரமாகவோ ஆகும். முதல் சுற்றுக்குக் கருத்து மட்டும் கேட்கும் போட்டியில் அவசரப்பட்டு உலோகம் வாங்க வேண்டியதில்லை.

யோசனை யாருக்குச் சொந்தம்? விளம்பரத்துக்குப் படங்களைப் பயன்படுத்திக்கொள்வோம் என்றால் பரவாயில்லை. சமர்ப்பித்த எல்லாமே நடத்துபவருக்குச் சொந்தம் என்று இருந்தால் அந்தப் போட்டியை விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

பெயர் மறைத்த மதிப்பீடா? பல போட்டிகளில், வடிவமைப்பை விளக்கும் பெரிய அச்சுப் பலகையிலோ வீடியோவிலோ கல்லூரிப் பெயரும் சின்னமும் தெரியக்கூடாது. ஆனால் கல்லூரியில், சின்னம் போட்டே ஆக வேண்டும் என்பார்கள். அந்த விதியைக் கோடிட்டு முன்கூட்டியே துறைத் தலைவரிடம் காட்டிவிடுங்கள். சின்னம் தெரிந்ததற்காக விண்ணப்பத்தையே நிராகரிப்பார்கள்.

அப்புறம் கடைசி நேரம். அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி இரவு 11:59 என்றால், அவர்களுடைய கோடைகாலத்தில் நமக்கு மறுநாள் காலை 9:29, குளிர்காலத்தில் 10:29. பிரிட்டன் நேரம் என்றால் முறையே அதிகாலை 4:29, 5:29. "15ஆம் தேதி 12:00 ஏஎம்" என்று போட்டிருந்தால் அது 14ஆம் தேதி இரவோடு முடிகிறது.

2. "ஏன் டைட்டானியம்?" என்பதற்கு விடை இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

நடுவர்கள் கடைசியில் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். இதற்கு விடை சரியாக இருந்தால் மற்ற குறைகள் மன்னிக்கப்படும். இதில் தடுமாறினால் எவ்வளவு அழகான படமும் காப்பாற்றாது.

முதலில் இரண்டு தவறான வாக்கியங்களை உங்கள் அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். "டைட்டானியம் ஓர் அரிய உலோகம்" என்பது ஒன்று. பூமியின் மேலோட்டில் அதிகம் கிடைக்கும் தனிமங்களில் அது ஒன்பதாவது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே அதன் தாது இருக்கிறது. தாதுவிலிருந்து உலோகமாகப் பிரிப்பதும், பிரித்ததை உருக்கி வேலை செய்வதும் கடினம்; அதனால்தான் விலை. இன்னொன்று, "உலகிலேயே வலிமையான உலோகம்". டைட்டானியத்தை விட வலிமையான எஃகு வகைகள் இருக்கின்றன. எடையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் டைட்டானியம் முந்துகிறது.

இனி எண்கள். இவை மனப்பாடமாக இருக்க வேண்டும். அடர்த்தி: டைட்டானியம் கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், எஃகு 7.85, அலுமினியம் 2.7. விறைப்பு, அதாவது யங் குணகம்: டைட்டானியம் சுமார் 114 ஜிகாபாஸ்கல், எஃகு 200, அலுமினியம் 69. விறைப்பை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் கிட்டத்தட்ட 25 என்றே வரும். அதாவது, வளையாமல் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் தேவை என்றால் டைட்டானியத்துக்குக் காரணமே இல்லை, அலுமினியம் போதும்.

இங்கேதான் நிறைய குழுக்கள் விழுகின்றன. எஃகுக் குழாய் ஒன்றை அதே அளவில் டைட்டானியமாக மாற்றிவிட்டு, எடை 43 சதவீதம் குறைந்தது என்று எழுதுவார்கள். அந்தக் குழாய் அதே சுமைக்கு ஏறத்தாழ 1.75 மடங்கு அதிகம் வளையும் என்பதை எழுத மாட்டார்கள். சரி செய்ய வழி இருக்கிறது. சுவர்த் தடிமனை மாற்றாமல் குழாயின் விட்டத்தை 20 சதவீதம் கூட்டினால், மெல்லிய குழாயில் விறைப்பு விட்டத்தின் மும்மடிப்படி ஏறுவதால், 1.2 × 1.2 × 1.2 = 1.73 மடங்கு ஆகிவிடும். எடை எஃகுக் குழாயின் எடையில் சுமார் 69 சதவீதமாக இருக்கும். 43 சதவீதம் குறைந்தது என்பதைவிட 31 சதவீதம் குறைந்தது என்று இந்தக் கணக்கோடு காட்டினால் நடுவர்கள் நம்புவார்கள்.

டைட்டானியம் உண்மையிலேயே வெல்லும் இடங்கள் வேறு. உப்பும் குளோரைடும் அரிக்கும் இடம், உடலோடு ஒட்டி இருக்கும் இடம், எடையும் வலிமையும் ஒருசேர வேண்டிய இடம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: நிறைய வளைந்து, முறியாமல், பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிய இடம். வலிமை அதிகம், விறைப்பு குறைவு என்பதால் டைட்டானியம் அருமையான ஸ்பிரிங். கிரேடு 5 எனப்படும் கலவை (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம்) நிரந்தரமாக வளைந்துவிடாமல் 0.7 சதவீதத்துக்கும் மேல் மீள்நீட்சி (விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் நீட்சி) தாங்கும். சாதாரண மென் எஃகு 0.12 சதவீதம் சுற்றித்தான்.

நம் மலையில் கண்ணில் படும் யோசனைகளை இந்த உரைகல்லில் போட்டுப் பாருங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையின் சிடிசி ரோலர் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் உருளை): எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தூளில் இரும்புத் துகள் சேர்வதைத் தடுக்கலாம் என்று நினைப்பார்கள். ஆனால் டைட்டானியம் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் மோசமாகத் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. அதைவிட முக்கியம், இரும்புத் துகளைத் தொழிற்சாலையில் காந்தம் வைத்துப் பிடிக்கிறார்கள். டைட்டானியத் துகளைக் காந்தம் பிடிக்காது. யோசனை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கொழுந்து வெட்டும் கத்தரியின் அலகு: கூர் நிற்பதில் நல்ல எஃகுக்குப் பக்கத்தில் வராது.

மழையில் நனையும் வேலி, தாங்கி, பெயர்ப்பலகை: இதற்கு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போதும். ஊட்டி அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியின் 530 மீட்டர் நீள எதிரொளிப்புப் பரப்பே 1,100 மெல்லிய எஸ்எஸ் கம்பிகளால் ஆனதுதான். நம் மலை மழையில் கடல் உப்பு இல்லை.

மலையேற்றப் பாத்திரம், குவளை: ஏற்கெனவே கடைகளில் இருக்கிறது. புதுமை என்று சொல்ல முடியாது. தவிர, டைட்டானியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தாது என்பதால் அடுப்பில் ஓரிடத்தில் மட்டும் சூடேறிக் கருகும்.

எங்கள் குழு எடுத்தது செயற்கைக் காலின் கணுக்கால் இணைப்பு. எஸ்டேட்டில் வேலை செய்யும், முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் அணிந்த ஒருவரோடு பேசியபோது, சமதளத்தில் சிரமமில்லை, தேயிலைச் சரிவில் இறங்கும்போதுதான் முழங்காலை யாரோ முன்னால் தள்ளுவது மாதிரி இருக்கிறது என்றார். கணுக்கால் மடங்காததால் வரும் பிரச்சினை அது. சரிவுக்கு ஏற்ப வளைந்து கொடுத்துத் திரும்பும் தகடு ஒன்று வேண்டும். ஈரத்திலும் சேற்றிலும் அரிக்கக்கூடாது. இலேசாக இருக்க வேண்டும். லட்சக்கணக்கான முறை காலடி வைத்தாலும் முறியக்கூடாது. குழாயில் குறையாக இருந்த குறைந்த விறைப்பு இங்கே நிறையாகிவிடுகிறது. இப்படி, டைட்டானியத்தை எடுத்துவிட்டால் வடிவமைப்பே நிற்காது என்ற நிலை வந்தால் உங்கள் யோசனை தயார்.

3. யாருக்காகச் செய்கிறீர்களோ அவரிடம் அனுமதி வாங்குங்கள்

பயனாளரைப் பேட்டி காண்பது, புகைப்படம் எடுப்பது எல்லாவற்றுக்கும் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். படுகரோ இருளரோ குறும்பரோ, அவர்கள் வீட்டு மொழியில் விளக்க ஓர் ஆளைக் கூட்டிப் போனால் பேச்சு உண்மையாக இருக்கும். எஸ்டேட்டுக்குள் போக மேலாளரிடமும், காட்டுக்குள் இருக்கும் ஊருக்குப் போக வனத்துறையிடமும் முன்கூட்டியே கேளுங்கள்.

மருத்துவம் சார்ந்தது என்றால் இன்னொன்று: சோதிக்காத மாதிரியை ஒரு மனிதர் உடலில் மாட்டிப் பார்க்கவே கூடாது. கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் அப்படி ஒரு படம் உங்கள் வீடியோவில் இருந்தால் அதுவே உங்களுக்கு எதிராகும். இயந்திரத்தில் சுமை ஏற்றிச் சோதித்ததைக் காட்டுங்கள், போதும்.

4. வெளியே சொல்வதற்கு முன் காப்புரிமைக்கு ஒரு தாள் போட்டுவிடுங்கள்

போட்டியில் காட்டுவதும், கல்லூரிக் கண்காட்சியில் வைப்பதும், இன்ஸ்டாகிராமில் போடுவதும் யோசனையை வெளியிட்டதாகவே கணக்கு. வெளியிட்ட பின் புதுமை போய்விடும். அரசு அறிவித்த கண்காட்சிகள் போன்ற சில விதிவிலக்குகள் சட்டத்தில் உண்டு என்றாலும் அவற்றை நம்பி இருக்க வேண்டாம்.

தற்காலிக விண்ணப்பம் என்று ஒன்று இருக்கிறது. தனிநபர் பெயரில் இணையவழியில் போட்டால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கைவிட்டதாக ஆகும். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இணையவழி என்பதால் நேரில் போக வேண்டியதில்லை. வெளித்தோற்றம்தான் புதுமை, செயல்பாட்டில் இல்லை என்றால் வடிவமைப்புப் பதிவு பொருந்தும். அதற்குத் தனிநபர் கட்டணம் 1,000 ரூபாய். அதையும் வெளியிடுவதற்கு முன்தான் செய்ய வேண்டும்.

முகவர் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். முகவர் வைத்தால் அவர் கட்டணம் அரசுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. கல்லூரி ஆய்வகத்தைப் பயன்படுத்தியிருந்தால், உரிமையில் கல்லூரிக்குப் பங்கு உண்டா என்பதை முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். பரிசு கிடைத்த பின் இந்தப் பேச்சை எடுத்தால் கசப்புதான் மிஞ்சும்.

5. மாதிரி: பிளாஸ்டிக், அலுமினியம், கடைசியில் டைட்டானியம்

முதல் மாதிரிகளை 3டி பிரிண்டில் எடுங்கள். ஊட்டி, குன்னூர் ஈரக் காற்றில் பிரிண்டர் இழை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இழை வெடித்து வெடித்து வரும், அடுக்குகள் ஒட்டாது. இழைச் சுருளைச் சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். அச்சடிக்கும் முன் உலர்த்துங்கள். அளவு, பிடிமானம், பொருத்தம் எல்லாம் இங்கேயே முடிவாக வேண்டும். அடுத்து ஒரு அலுமினிய மாதிரி. வெட்டுவது எளிது, விலை குறைவு, எங்கே உளி போகாது என்பது தெரிந்துவிடும். இந்த இரண்டும் முடியாமல் டைட்டானியத்தைத் தொடாதீர்கள்.

உலோகம் வாங்குவது. டைட்டானியம் சில்லறையில் கிலோவுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எஸ்எஸ் சில நூறுதான். இதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. மும்பை, சென்னை உலோக வியாபாரிகளிடம் கிடைக்கும். பெரும்பாலோர் குறைந்தபட்ச எடை ஒன்று வைத்திருப்பார்கள். வெட்டித் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். கோவையில் டைட்டானியம் வேலை செய்யும் பட்டறைகளில் மிச்சத் துண்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், மாணவர் என்றால் இரக்கப்படுவார்கள். ஆனால் மிச்சத் துண்டுக்குச் சான்று இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது "டைட்டானியம் கம்பி" என்று மட்டும் சொல்லக்கூடாது. கிரேடும் தரக்குறியீடும் சொல்லுங்கள்: கம்பி என்றால் ஏஎஸ்டிஎம் பி348, தகடு என்றால் பி265, உடலுக்குள் வைக்கும் தரம் என்றால் எஃப்136. கிரேடு 2 கலப்பில்லாத வகை. வளைக்க எளிது, வலிமை குறைவு. கிரேடு 5 அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வலிமையானது, வளைக்கக் கடினம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். அதில் உள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்) துண்டில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

வந்தது டைட்டானியம்தானா என்று பார்க்க எளிய வழி, நகைக்கடைத் தராசு. 20 மில்லிமீட்டர் விட்டம், 100 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பி டைட்டானியம் என்றால் 140 கிராம் சுற்றி இருக்கும், எஸ்எஸ் என்றால் 250. காந்தத்தை நம்ப வேண்டாம், 304 எஸ்எஸ்ஸும் ஒட்டாது. கிரேடு எது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கோவைச் சோதனைக்கூடங்களில் பிஎம்ஐ டெஸ்ட் (என்னென்ன தனிமம் கலந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை) செய்யுங்கள். அந்த அறிக்கையையே பின்னிணைப்பாகவும் வைக்கலாம்.

ஒரு பொருளை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்: டைட்டானியம் பொடி. எளிதில் தீப்பிடிக்கும், சாதாரணக் கூரியரில் அனுப்பவும் கூடாது.

வெட்டுவது. பட்டறையில் கூலிக்கு வெட்டித் தரும் ஜாப் ஒர்க் கொடுக்கப் போகும்போது, இதற்கு முன் டைட்டானியம் ஓட்டியிருக்கிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி. இந்த உலோகம் சூட்டை உள்ளே கடத்தாததால் சூடு முழுவதும் உளி முனையில் தேங்கும். வேகம் குறைவாக, ஃபீட் (உளி உலோகத்துக்குள் முன்னேறுவது) நிற்காமல், கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவம் தாராளமாக ஓட வேண்டும். எஸ்எஸ் ஓட்டும் அதே வேகத்தில் ஓட்டினால் டிப் (உளியின் வெட்டு முனை) கருகும், அந்த டிப்பின் விலையும் உங்கள் பில்லில் ஏறும். மெல்லிய சீவல் தீப்பிடிக்கலாம். பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. காய்ந்த மணலால் மூட வேண்டும். கல்லூரிப் பட்டறையில் நீங்களே செய்வதாக இருந்தால் மணல் வாளி பக்கத்தில் இல்லாமல் இயந்திரத்தைப் போடாதீர்கள்.

வளையும் தகடு போன்ற நுணுக்கமான வடிவங்களுக்கு வயர்கட் (மின்பொறி பாயும் மெல்லிய கம்பியால் வெட்டுவது) நன்றாக வரும். ஆனால் வயர்கட் செய்த பரப்பில், உருகி உறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று நுண்விரிசல்களோடு நின்றுவிடும். திரும்பத் திரும்ப வளையும் பாகம் அங்கிருந்துதான் முறியும். அந்த அடுக்கைத் தேய்த்து எடுத்து மெருகேற்றச் சொல்லுங்கள். எடுத்தோம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். உலோகம் தெரிந்த நடுவர் இந்த வரியைத் தேடுவார்.

வெல்டிங் முடிந்தவரை வேண்டாம். தவிர்க்க முடியாதென்றால் ஆர்கான் வெல்டிங்தான். அதிலும் ஆறும் வரை முன்பக்கமும் பின்பக்கமும் ஆர்கான் சூழ்ந்திருக்க வேண்டும். சூட்டில் காற்றுப் பட்டால் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஒட்டு வெள்ளி நிறமாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் நல்லது. சாம்பலும் வெள்ளைப் பொடியுமாக இருந்தால் அந்தத் துண்டைக் கழித்துவிடுங்கள்.

மின்சாரம் பாய்ச்சி நிறம் ஏற்றுவது கண்ணுக்கு அழகு. சாயமே இல்லாமல், மேலே படியும் ஆக்சைடின் தடிமனைப் பொறுத்து நிறம் மாறும். அறுவை சிகிச்சைத் திருகுகளின் அளவை நிறத்தால் அடையாளம் காண்பது பழைய வழக்கம் என்பதால் அதைப் புதுமையாகக் காட்டாதீர்கள். உரசும் இடத்தில் நிறம் தேய்ந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பணம் திரும்பப் பெறுவது பற்றி ஒரு எச்சரிக்கை. கல்லூரி பணம் தருவதாக இருந்தால், பெரும்பாலும் கல்லூரிப் பெயரில் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். சிறு பட்டறைகள் துண்டுச்சீட்டில் தொகை எழுதித் தரும். அதற்குப் பணம் வராது. வேலை கொடுக்கும் முன்பே பில் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

6. ஆவணங்கள்: பெயரில்தான் எல்லாச் சிக்கலும்

வேண்டியவை: போனஃபைட் சான்று, கல்லூரி அடையாள அட்டை, வழிகாட்டும் ஆசிரியரின் கடிதம், குழுவினர் எல்லோரும் கையெழுத்திட்ட உறுதிமொழி, 18 வயது நிரம்பாதவர் இருந்தால் பெற்றோர் சம்மதம், பயனாளர் ஒப்புதல் கடிதங்கள்.

போனஃபைட் சான்றில் தேதியும், எந்த ஆண்டு படிக்கிறீர்கள் என்பதும், படிப்பு முடியும் மாதமும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். "இவர் எங்கள் மாணவர்" என்று மட்டும் எழுதிய சான்றை வெளிநாட்டுப் போட்டிகள் திருப்பி அனுப்பும். முதல்வர் விடுப்பில் இருந்தால் கையெழுத்து நாள்கணக்கில் தள்ளிப்போகும். ஆங்கிலத்தில் வரைவை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோனால் வேலை பாதி முடிந்தது.

பெயர். நமக்கு இன்ஷியல், அவர்கள் படிவத்தில் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. குழுவில் ஒருவர் அப்பா பெயரைப் போட, இன்னொருவர் ஒற்றை எழுத்தைப் போட, மூன்றாமவர் ஹட்டியின் (படுகர் ஊரின்) பெயரைப் போட, கடைசியில் சான்றிதழ், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு மூன்றிலும் மூன்று பெயர் ஆகிவிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்து, இன்ஷியலை விரித்தால் எப்படி எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தால் அதில் உள்ளதே இறுதி.

7. பலகை, வீடியோ, பதிவேற்றம்

பலகையில் மூன்று கேள்விக்கு விடை இருக்க வேண்டும்: யாருக்கு என்ன சிரமம், டைட்டானியம் ஏன், எவ்வளவு செலவாகும். செலவில் உலோகத்தின் விலையை மட்டும் போடாதீர்கள். வெட்டும் கூலியும், வெட்டியதில் வீணாகும் உலோகமும் சேர வேண்டும். 100 கிராம் பாகத்துக்கு 600 கிராம் கம்பி எடுத்தால் மிச்சம் 500 கிராமும் சீவல்தான். அதைக் குறைக்க வடிவத்தை எப்படி மாற்றினீர்கள் என்று காட்டினால் மதிப்பெண் கூடும்.

பெரிய தாள் அச்சு வேண்டுமென்றால் கோவை காந்திபுரம் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் குழாய் உறையில் போட்டு மேலே கொண்டு வாருங்கள். பதிவேற்றத்தைக் கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். மழையடித்தால் மின்சாரமும் நெட்வொர்க்கும் சேர்ந்து போகும் ஊர் நம்முடையது. கோப்பின் அளவு வரம்பை முன்பே பார்த்து, இரண்டு நாள் முன்னதாக ஏற்றி, வந்து சேர்ந்ததற்கான மின்னஞ்சலை எடுத்து வையுங்கள்.

8. நாள்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பதிவேற்றத்துக்குக் கடைசி வாரம். அதற்கு முன் பலகைக்கும் வீடியோவுக்கும் இரண்டு வாரம். டைட்டானியம் வெட்டி, மெருகேற்றி, சோதிக்க ஒரு மாதமாவது. உலோகம் வந்து சேர மூன்று வாரம் என்று வையுங்கள். பிளாஸ்டிக், அலுமினிய மாதிரிகளுக்கு ஒரு மாதம். யோசனைக்கும் களப்பணிக்கும் ஒரு மாதம். தேர்வுகளையும் சேர்த்தால் ஐந்து மாதத்துக்குக் குறையாது. அறிவிப்பு வந்த பின் தொடங்கினால் பெரும்பாலும் நேரம் போதாது. போன வருட விதிமுறையை வைத்தே தொடங்கிவிடுங்கள்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் மழை; அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகளில் மண்சரிவு. ஏப்ரல், மே சீசனில் ஒருவழிப் பாதையும் நெரிசலுமாக, ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் ஆகும். பட்டறை வேலைகளை ஜனவரி, பிப்ரவரியில் முடிக்கும்படி அமைத்துக்கொண்டால் நிம்மதி. கீழேயிருந்து வழிகாட்டியோ பட்டறைக்காரரோ சொந்த வண்டியில் வருகிறார் என்றால், நீலகிரிக்குள் வண்டி நுழைய வேண்டிய இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். கட்டணம் இல்லை, இணையத்தில் எடுக்கலாம்.

9. இறுதிச் சுற்றுக்குத் தேர்வானால்

தேர்வு முடிவு வரும் வரை காத்திருக்காமல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நீலகிரிக்குக் கோவை மண்டல அலுவலகம். 18 வயது நிரம்பியவருக்கு 36 பக்கப் பாஸ்போர்ட் 1,500 ரூபாய், தத்கால் என்றால் 3,500. பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் கொண்டுபோங்கள். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் எந்த முகவரியைத் தருகிறோம் என்று யோசித்துத் தாருங்கள். போலீஸ் விசாரணை அந்த முகவரிக்குத்தான் வரும். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்கள் ஆதாரில் முகவரி முழுமையாக, எஸ்டேட் மற்றும் டிவிஷன் பெயரோடு இருக்கிறதா என்று முன்பே சரிபாருங்கள்.

விசாக் கட்டணம் நிராகரித்தால் திரும்ப வராது. அழைப்புக் கடிதத்தில் பயணச் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற வரி தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். மாதிரியை விமானத்தில் கொண்டுபோகும்போது அது என்ன என்று ஒரு பக்க விளக்கமும் கல்லூரிக் கடிதமும் கூடவே இருக்கட்டும். கூரான பாகம் இருந்தால் கைப்பையில் வைக்கக்கூடாது.

பரிசுப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஸ்விஃப்ட் எண் (வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு) கேட்பார்கள். உங்கள் ஊர்க் கிளைக்கு அது தனியாக இல்லாமல் இருக்கலாம்; அந்நியச் செலாவணி பார்க்கும் கிளையின் எண்ணை வங்கியில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பான் அட்டை தேவைப்படும், வரிப் பிடித்தமும் இருக்கலாம். பணம் வந்ததும் எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும்; பரிசு அறிவித்த கடிதத்தைக் கொடுத்தால் போதும். குழுவாகச் சேர்ந்தவர்கள், பணம் ஒருவர் கணக்குக்கு வரும் முன்பே பங்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.